ஃப்ரிட்டாட்டா சொதப்பிருச்சா? என்ன ஆச்சுன்னு பாத்து சரி பண்ணிக்கலாம்

ஞாயித்துக்கெழம லேட்டா எந்திரிச்சு, டிஃபனும் சாப்பாடும் ஒரே வேளையா பதினோரு மணிக்கு முடிக்கணும்னா எங்க வீட்ல இப்போ ஃப்ரிட்டாட்டாதான், அதாவது காயும் சீஸும் போட்டு சிம்ல தடியா வேக வைக்கிற இத்தாலி ஆம்லெட். ஆறு முட்டை, ஃப்ரிட்ஜ்ல மிச்சம் கெடக்குற காய், கொஞ்சம் சீஸ், ஒரே ஒரு பேன், நாலு பேருக்கு போதும். ஆனா இந்த நெலமைக்கு வர்றதுக்குள்ள நான் சொதப்புனது கொஞ்ச நஞ்சம் இல்ல. அதனால இத ரெசிபியா எழுதல, எது தப்பா வந்துச்சோ அத வச்சு தேடி பாத்துக்குற மாதிரி எழுதுறேன், உங்களுக்கு எது நடந்துச்சோ நேரா அந்த எடத்துக்கு போங்க. ஒண்ணும் வருத்தப்பட வேணாம், இது பொறந்த இத்தாலிலயே ஒருத்தன் காரியத்த கெடுத்துட்டான்னா "ஃப்ரிட்டாட்டா பண்ணிட்டான்"னுதான் சொல்லுவாங்க.

நான் வச்சுக்குற அளவு மட்டும் மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா கீழ எல்லாம் இத வச்சுதான் பேசுறேன். 8 இன்ச் பேன், 6 முட்டை, 60 மில்லி கொழுப்பெடுக்காத பால் இல்ல ஃப்ரெஷ் க்ரீம், வதக்கி முடிச்ச காய் ஒன்றரை கப் (பச்சையா இருக்கும்போது இல்ல, வதக்கி முடிச்சு), துருவின சீஸ் 75 கிராம், உப்பு அரை டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி, மிளகு தாராளமா. 8 முட்டை போடுறீங்கன்னா 10 இன்ச் பேன். பேன் பெருசா போச்சுன்னா தட்டையா வெறும் ஆம்லெட் ஆயிடும், சின்னதா போச்சுன்னா நடுவுல வேகவே வேகாது.

வெட்டி எடுத்தா அடியில தண்ணி நிக்குது

இதுதான் பெரிய பிரச்சன, பாதி பேர் இதோட ஃப்ரிட்டாட்டாவ விட்டுட்டு போயிடுறாங்க. நானும் விட்டுருப்பேன். மொத தடவ மாமனார் மாமியார் வந்திருந்தப்போ பெருசா பண்ணி காட்டுறேன்னு சுக்கினி (வெள்ளரிக்கா மாதிரி இருக்குற காய்), தக்காளி, மஷ்ரூம் எல்லாத்தையும் பச்சையா நறுக்கி அப்படியே முட்டைல போட்டு ஊத்திட்டேன். மேல பாக்க சூப்பரா இருந்துச்சு, பொன்னிறமா, சீஸ் குமிழ் குமிழா. தட்டுல எடுத்து வச்சு தூக்கிட்டு வர்றேன், ஒரு பக்கம் லேசா சாஞ்சிருச்சு, வெதுவெதுன்னு தண்ணி என் முழங்கை வரைக்கும் ஓடுது. அத்தை ரொம்ப மரியாதையா கேட்டாங்க, "என்ன மாப்ள, முட்டை ரசம் வச்சிருக்கீங்களா?"

காயப் பத்தி யோசிக்காம முட்டையவே குத்தம் சொல்றதுதான் இங்க நம்ம பண்ற தப்பு. சுக்கினில, தக்காளில நூத்துக்கு 94, 95 பங்கு தண்ணிதான், மஷ்ரூம்ல 92, பாலக்ல 91. முட்டை செட் ஆகுற சூட்டுக்கு காய் அப்பதான் வெந்து தண்ணி விட ஆரம்பிக்கும், மேல முட்டை மூடிட்டதால ஆவியா போக வழி இல்ல, அடியில போய் நிக்கும். அதனால முட்டைய தொடுறதுக்கு முன்னாடியே காயோட தண்ணி கதைய முடிச்சுடணும்.

மஷ்ரூம்: எண்ணெய் இல்லாம வெறும் பேன்ல போடுங்க, ஹை ஃப்ளேம், மூடி போடாதீங்க. மொதல்ல ஒரு கீச்சு சத்தம் வரும், அப்புறம் தண்ணி விட்டு கொதிக்கிற சத்தம், அந்த தண்ணி வத்துனதும் திரும்ப சத்தம் மாறி சுர்ருன்னு வரும். அந்த ரெண்டாவது சுர்ருக்கு அப்புறம்தான் எண்ணெய், உப்பு. ஒரு பாக்கெட் மஷ்ரூம் பாதிக்கும் கீழ சுருங்கி ஒரு கைப்பிடிதான் தேறும், அய்யோ இவ்ளோதானான்னு தோணும், அவ்ளோதான்.

சுக்கினி: இதுக்கு வைத்தியம் சொன்னதும் அந்த அத்தையேதான். "முள்ளங்கி சப்பாத்திக்கு துருவி உப்பு போட்டு பிழிவோம்ல மாப்ள, அந்த மாதிரி பிழிஞ்சு போடுங்க". துருவி, ஒரு டீஸ்பூன் உப்பு பெசறி, கால் மணி நேரம் வச்சு, துணில கட்டி முறுக்குனா ஒரு சுக்கினிலயே கால் டம்ளர் தண்ணி வருது. அப்புறம் ரெண்டு நிமிஷம் வதக்கிக்கோங்க. உப்பு ஏற்கனவே ஏறி இருக்கும், முட்டைல கொறச்சுக்கோங்க. பீர்க்கங்காய், சுரைக்காய் போட்டு பண்ணாலும் இதே கததான்.

கீரை: வதக்கி, ஆற வச்சு, உள்ளங்கைல வச்சு கெட்டியா பிழியணும். ஒரு கட்டு பாலக் கடைசில ஒரு எலுமிச்சம்பழ சைஸுக்கு வந்துரும், அப்படி வந்தாதான் சரியா பிழிஞ்சிருக்கீங்கன்னு அர்த்தம். தக்காளி: விதையும் அந்த கொழகொழப்பும் எடுத்துட்டு சதைய மட்டும் போடுங்க, இல்லன்னா மெல்லிசா வட்டமா வெட்டி மேல அடுக்குங்க, மேல இருந்தா சூட்டுலயே காஞ்சுக்கும். வெங்காயம், குடமிளகா ஓரம் லேசா நெறம் மாறுற வரைக்கும் வதக்குனா போதும், இதுங்க பெருசா தொல்ல பண்றதில்ல. உருளைக்கெழங்கு மட்டும் வேற ஜாதி, அது தண்ணி விடாது, ஆனா முட்டை வேகுற நேரத்துக்குள்ள வேகவும் வேகாது, முன்னாடியே வேக வச்சு வறுத்து வச்சுக்கணும்.

வதக்கின காய சூடா அப்படியே முட்டைல கொட்டாதீங்க, தட்டுல பரப்பி ஆற விடுங்க. அந்த பத்து நிமிஷத்துல போற ஆவியும் தண்ணிதானே.

காய் எல்லாம் சரியா பண்ணியும் தண்ணி வருதுன்னா அந்த தண்ணிய உத்து பாருங்க. கலரா, தக்காளி செவப்போ கீரை பச்சையோ கலந்து இருந்தா காய் தண்ணி, இன்னும் வதக்கணும். லேசா மஞ்சளா தெளிவா இருந்து, வெட்டுன பக்கம் முழுக்க பொடிப்பொடியா ஓட்டையும் இருந்துச்சுன்னா அது முட்டையே விட்ட தண்ணி, அதிகமா வெந்துருச்சு. கெட்டித் தயிர கரண்டியால வெட்டி வச்சா தண்ணி பிரியும்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதுக்கு அடுத்த பிரச்சனைய படிங்க.

ரப்பர் மாதிரி இருக்கு, மென்னுட்டே இருக்க வேண்டியிருக்கு

சூடு ஜாஸ்தி. முட்டை வெள்ளை 62, 63 டிகிரில எறுக ஆரம்பிக்குது, மஞ்சக்கரு 65ல இருந்து 70க்குள்ள, எல்லாம் கலந்து பாலும் சேந்தா இன்னும் கொஞ்சம் மேல. 80 டிகிரிய தாண்ட தாண்ட புரதம் எல்லாம் ஒண்ண ஒண்ணு இறுக்கி புடிச்சுக்கிட்டு உள்ள இருந்த தண்ணிய வெளிய பிழிஞ்சு தள்ளும். ரப்பரும் தண்ணியும் பல சமயம் சேந்தே வர்றது அதனாலதான். சிம்ல வைங்க, அவசரப்படாதீங்க. நம்ம ஊர் ஆம்லெட் பழக்கத்துல கை தானா ஃப்ளேம ஏத்தும், அது ரெண்டு நிமிஷ சமாச்சாரம், இது இருவது நிமிஷ சமாச்சாரம்.

இன்னொரு பழக்கமும் இருக்கு, டம்ளர்ல முட்டைய ஊத்தி நொர பொங்க அடிக்கிறது. ஆம்லெட்டுக்கு அது கரெக்ட், இங்க வேணாம். அந்த காத்து எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டு வெந்தா பஞ்சு மாதிரி ஓட்ட ஓட்டையா வரும், சாப்பிட காஞ்ச கேக் மாதிரி இருக்கும். ஃபோர்க்கால வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணா சேர்ற வரைக்கும் கலக்குனா போதும், வெள்ளைக் கோடு தெரியக்கூடாது, நொர வரக்கூடாது, அவ்ளோதான்.

டயட்னு சொல்லி கொழுப்பெடுத்த பால் ஊத்துறதும் ஒரு காரணம். கொழுப்பு இருந்தாதான் முட்டை இறுகாம மெத்துன்னு நிக்கும். பாலே இல்லாமலும் பண்ணலாம், தப்பில்ல, இத்தாலில நெறைய பேர் ஒரு சொட்டு பால் ஊத்தாம சீஸ் மட்டும் போட்டுதான் பண்றாங்க, ஆனா தண்ணிப்பால் ஊத்துறதுக்கு ஊத்தாமலே இருக்கலாம்.

ஓரம் காஞ்சு போச்சு, அடி கருகிருச்சு, நடுவுல இன்னும் கொழகொழன்னு இருக்கு

எல்லா வீடியோலயும் பேன அப்படியே ஓவனுக்குள்ள தள்ளுவாங்க. அந்த ஊர் அடுப்புல கீழயே பெரிய ஓவன், மேல நெருப்பு விழுற ப்ராய்லர் எல்லாம் இருக்கு. நம்மகிட்ட இருக்குறது கேஸ் ஸ்டவ், மிஞ்சிப் போனா ஒரு ஓடிஜி, அதான் மேஜை மேல வைக்கிற சின்ன கரண்ட் ஓவன். அடியில மட்டும் சூடு கெடச்சா அடி கருகும் மேல வேகாது, இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு. மூணு வழி இருக்கு, மூணும் பண்ணி பாத்துட்டேன்.

கேஸ் மட்டும்தான்னா: பிரியாணி தம் போடுவோம்ல, அதே டெக்னிக். மீடியம்ல முட்டைய ஊத்தி, ஒரு நிமிஷம் ஓரத்துல இருந்து நடுவுக்கு ஸ்பேச்சுலாவால மெதுவா தள்ளி தள்ளி விடுங்க, கீழ வெந்தது மேல வரும் மேல இருக்குற பச்ச முட்டை கீழ போகும், இந்த ஒரு வேலைய பண்ணாலே பாதி பிரச்சன காலி. அப்புறம் பேனுக்கு அடியில பழைய தோசக்கல்ல வச்சு, சிம்ல, மூடி போட்டு 12ல இருந்து 15 நிமிஷம். மூடிய ஒரு துணில கட்டிக்கோங்க, இல்லன்னா மூடில சேர்ற தண்ணி மேல சொட்டி திரும்ப ரசம் ஆயிடும். துணி முனைய மேல தூக்கி முடிஞ்சுக்கோங்க, நெருப்பு பக்கம் தொங்கக்கூடாது.

ஓடிஜி இருந்தா: பெரும்பாலும் கைப்பிடியோட பேன் உள்ள போகாது, போனாலும் கைப்பிடி பிளாஸ்டிக்னா வேணவே வேணாம். நான் ஒரு தடவ ஃபாயில் சுத்தி உள்ள விட்டு, வீடு முழுக்க டயர் எரிஞ்ச நாத்தம், அன்னிக்கு ப்ரன்ச் இட்லி பார்சல். பேசாம 8 இன்ச் கேக் டின்னுல வெண்ணெய் தடவி, அடியில பட்டர் பேப்பர் போட்டு, வதக்கி ஆறுன காய், முட்டை, சீஸ் எல்லாத்தையும் ஊத்தி, 180 டிகிரில 10 நிமிஷம் முன்சூடு பண்ண ஓடிஜில 20ல இருந்து 25 நிமிஷம். அடி முறுவல் வராது, அது ஒண்ணுதான் குறை, மத்தபடி ரொம்ப நம்பகமான வழி.

மூணாவது, தட்டு வச்சு திருப்பிப் போடுறது. அதுக்கு கீழ தனியா இருக்கு, ஏன்னா அதுல தனியா சொதப்பலாம்.

வெந்துச்சான்னு எப்படி பாக்குறது? பேன லேசா ஆட்டுங்க. நடுவுல பச்ச முட்டை அலை அடிச்சா இன்னும் வேகணும், உறைஞ்ச தயிர் மாதிரி மொத்தமா ஒண்ணா லேசா அதிர்ந்தா எறக்கிடலாம், அஞ்சு நிமிஷம் வச்சா மிச்சம் தானா வெந்துக்கும். அசையவே இல்லைன்னா லேட் பண்ணிட்டீங்க. தெர்மாமீட்டர் இருக்குறவங்களுக்கு, நடுவுல 71 டிகிரி, முட்டை ஐட்டத்துக்கு அமெரிக்க விவசாயத் துறை சொல்ற பாதுகாப்பான சூடு அதுதான். சின்ன புள்ளைங்க, மாசமா இருக்குறவங்க சாப்பிடுறாங்கன்னா கொழகொழ ஆசையெல்லாம் வேணாம், முழுசா வேக வைங்க.

பேன விட்டு வரமாட்டேங்குது

நான்ஸ்டிக்னா கோட்டிங் போயிருக்கும், வேற காரணம் தேடாதீங்க. இரும்பு பேன்னா ரெண்டு விஷயம் பாக்கணும். காய் வதக்குன அதே பேன்ல தொடைக்காம ஊத்திருப்பீங்க, அடியில ஒட்டி இருந்த வெங்காயத் துணுக்கு மேல முட்டை போய் பசையா புடிச்சுக்கும். காய எடுத்ததும் ஒரு தடவ தொடச்சு, புதுசா ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, பக்க சுவர்லயும் தடவுங்க, எல்லாரும் அடியில மட்டும் ஊத்திட்டு சுவர மறந்துடுறாங்க. அடுத்தது சூடு, ஒரு சொட்டு முட்டைய விட்டு பாருங்க, உடனே சுர்ருன்னு வெளுத்தா ஊத்தலாம், அப்படியே கெடந்தா இன்னும் சூடாகல, தோசைக்கு தண்ணி தெளிச்சு பாக்குற மாதிரிதான். சில்வர் பேன்ல பண்ணணும்னு தோணுச்சுன்னா, தோணாம பாத்துக்கோங்க.

ஒட்டிருச்சு, இப்ப என்ன பண்றது? அடுப்ப அணைச்சுட்டு மூடி போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க, ஆவில பாதி எளகிரும். அப்பவும் வரலன்னா பேன்லயே முக்கோணமா வெட்டி பேனோட டேபிளுக்கு கொண்டு போயிடுங்க, யாருக்கும் தெரியாது.

திருப்பும்போது உடைஞ்சிருச்சு

மேல இன்னும் திரவமா இருக்கும்போதே திருப்பிருக்கீங்க. மேல ஒரு விரல் அளவு நடுவட்டம் மட்டும் ஈரமா, மத்தது எல்லாம் செட் ஆகி, பேன ஆட்டுனா மொத்தமும் சுத்தி வழுக்கணும், அதுவரைக்கும் கை வைக்கக்கூடாது. பேன விட பெருசா, விளிம்பு இல்லாத தட்டையான தட்டு வேணும். நம்ம சாப்பாட்டு சில்வர் தட்டுக்கு விளிம்பு உயரம், திரும்ப பேனுக்குள்ள வழுக்கி விடும்போது அங்கதான் மாட்டி உடையுது. பானை மூடி ஒண்ண தலைகீழா வச்சா வேல ஆகும். தட்டு மேல ஒரு கை, கைப்பிடில ஒரு கை, சிங்க்கு மேல நின்னுக்கிட்டு ஒரே மூச்சுல திருப்பணும், பாதில யோசிச்சா போச்சு. சூடான எண்ணெய் மணிக்கட்டுல எறங்கும், அதனால திருப்புறதுக்கு முன்னாடி மிச்ச எண்ணெய வடிச்சுடுங்க, கைல ஒரு துணி சுத்திக்கோங்க.

சீஸ் எண்ணெய் கக்குது, இல்ல கட்டி கட்டியா நிக்குது

ரொம்ப முத்துன செடார தனியா மேல நெறைய போட்டு அதிக சூட்டுல வச்சா கொழுப்பு பிரிஞ்சு மஞ்சளா எண்ணெய் மெதக்கும். மேல போடுறத கடைசி ரெண்டு மூணு நிமிஷத்துக்கு வச்சுக்கோங்க, மிச்சத்த முட்டைக்குள்ள கலந்துடுங்க. பாக்கெட்ல துருவி வர்ற மொஸரெல்லா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க ஸ்டார்ச் மாதிரி ஏதாவது தூவி இருப்பாங்க, அதான் சரியா எளகாது, கட்டியா வாங்கி நீங்களே துருவுங்க. நம்ம கடைல கெடைக்கிற ப்ராஸஸ்டு சீஸ் க்யூப பாத்து எளக்காரமா நெனைக்காதீங்க, அதுல கொழுப்பு பிரியாம புடிச்சுக்குற உப்புங்க சேத்திருக்காங்க, எண்ணெய் கக்காம அழகா உருகும், ருசிதான் கொஞ்சம் மொட்டையா இருக்கும்.

பனீர் போட்டேன், உருகவே இல்லன்னு கேக்குறவங்களுக்கு: உருகாது. எலுமிச்ச புளிப்புல திரிஞ்ச பாலுக்கு அந்த குணம் கெடையாது, எவ்ளோ சூடு பண்ணாலும் அப்படியேதான் நிக்கும். சின்ன துண்டா வறுத்து காய் மாதிரி போடுங்க, உருகுறதுக்கு வேற சீஸ் கொஞ்சம் சேருங்க.

உப்பு கரிக்குதுன்னாலும் சீஸ்தான் காரணம். பர்மஜான், ஃபெட்டா ரெண்டும் உப்பு மூட்டை. அது போடுறப்போ முட்டைக்கு கால் டீஸ்பூன் போதும்.

காய் எல்லாம் அடியில போய் படிஞ்சிருச்சு

பெருசா வெட்டிருப்பீங்க, இல்ல முட்டைய ஊத்திட்டு கலக்காம விட்ருப்பீங்க. மேல சொன்ன ஓரத்துல இருந்து நடுவுக்கு தள்ளுற வேல இதுக்கும் மருந்து, கீழ லேசா கூழா ஆனதும் காய் அதுல ஒக்காந்துக்கும்.

பூரி மாதிரி உப்புச்சு, எடுத்ததும் அமுங்கிருச்சு

ஒண்ணும் ஆகல. உள்ள இருக்குற ஆவி உப்ப வச்சது, ஆறுனா அமுங்கத்தான் செய்யும். ரொம்ப உப்பி ரொம்ப அமுங்குனா ரொம்ப அடிச்சிருக்கீங்க.

பச்சையா, சாம்பலா கலர் மாறுது

அதிக நேரம் சூட்டுல இருந்தா மஞ்சக்கருல இருக்குற இரும்பும் வெள்ளைல இருக்குற கந்தகமும் சேந்து அந்த கலர் வரும், அவிச்ச முட்டைல மஞ்சள சுத்தி பச்ச வளையம் வருதே அதே சங்கதி. சாப்பிடலாம், ஒண்ணும் பண்ணாது. இரும்பு பேன்ல பண்ணி முடிச்சு அதுலயே மணிக்கணக்கா விட்டாலும் அடி கறுக்கும். ஊதா முட்டகோஸ் போட்டு நீலமா போச்சுன்னா பயப்படாதீங்க, முட்டை வெள்ளைக்கு காரத்தன்மை உண்டு, அது பட்டா அந்த ஊதா நீலமாவோ பச்சையாவோ திரும்பிடும். என் பொண்ணு அத ஏலியன் முட்டைன்னு பேர் வச்சு ரெண்டு துண்டு சாப்பிட்டா, பெரியவங்க யாரும் தொடல.

கவிச்ச வாடை அடிக்குது

வீட்ல ஒருத்தராவது இத சொல்லுவாங்க. முட்டை பழசான்னு பாருங்க, தண்ணில போட்டா மெதக்குறத ஒதுக்கிடுங்க. மத்தபடி பால் நெறைய ஊத்தி சிம்ல வேக வைக்கும்போது ஆம்லெட்ல வர்ற அந்த முறுவல் வாசம் வராது, அதான் கவிச்சி தூக்கலா தெரியுது. வெங்காயத்த நல்லா பொன்னிறமா வதக்குங்க, மிளகு அப்பதான் பொடிச்சு போடுங்க, ஒரு பூண்டுப் பல்ல நசுக்கி எண்ணெய்ல விடுங்க. இத்தாலில பார்ஸ்லி, பேசில், புதினா போடுவாங்க, புதினா நம்மகிட்டயே இருக்கு. மல்லித்தழையும் நல்லாதான் இருக்கு. கரம் மசாலா போடுறவங்கள நான் தடுக்கல, ஆனா அப்புறம் சீஸ் எதுக்குன்னு எனக்கு புரியல.

பாத்திரத்துல வாடை நிக்குதுன்னா மொதல்ல பச்சத்தண்ணில அலசுங்க. சுடுதண்ணி ஊத்துனா ஒட்டிட்டு இருக்குற முட்டை பாத்திரத்துலயே வெந்து புடிச்சுக்கும்.

மிச்சத்த மறுநாள் சூடு பண்ணா தண்ணி விட்டு ரப்பர் ஆயிடுது

மைக்ரோவேவ்ல ஃபுல் பவர்ல வச்சா அப்படித்தான் ஆகும், ஏற்கனவே வெந்தத திரும்ப வேக வைக்கிறீங்க. பாதி பவர்ல அர நிமிஷம் அர நிமிஷமா வைங்க, இல்ல தோசக்கல்லுல சிம்ல மூடி வைங்க. நான் சூடே பண்றதில்ல. இத்தாலிக்காரங்க இத ஆறுனதுக்கு அப்புறம் சாப்பிடுறதுதான் வழக்கம், ஈஸ்டர் மறுநாள் வெளிய பிக்னிக் போறப்போ கட்டி எடுத்துட்டுப் போற சாப்பாடு, நேப்பிள்ஸ் பக்கம் மிச்ச பாஸ்தாவையே முட்டைல போட்டு இப்படி பண்ணிடுறாங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து பத்து நிமிஷம் வெளிய வச்சு, ரெண்டு ப்ரெட்டுக்கு நடுவுல கொஞ்சம் தக்காளி தொக்கு தடவி வச்சு சாப்பிட்டு பாருங்க.

வெளிய வைக்கிறதுல மட்டும் கவனம். பொதுவா ரெண்டு மணி நேரம்னு சொல்லுவாங்க, 32 டிகிரிக்கு மேல வெயில்னா ஒரு மணி நேரம்தான், நம்ம ஊர்ல மே மாசம் அந்த ஒரு மணி கணக்குதான் எடுத்துக்கணும். ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் தாங்கும். ஃப்ரீசர்ல வைக்காதீங்க, எளகும்போது திரும்பவும் ரசம்.